வெள்ளை வண்டல்

ஏழாவது பெயர். காலையில் பியூன் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளில் கனகமணி என்று ஏழாவதாகத்தான் இருந்தது. இப்போது மணி பதினொன்றேகால். உள்ளே போயிருப்பது மூன்றாவது ஆள். ஆளுக்கு இருபது நிமிஷம், நடுவில் டீ, டீக்கு நடுவில் யாருக்காவது போன், எப்படிக் கணக்குப் போட்டாலும் பன்னிரண்டரைக்கு முன்னால் கூப்பிடப் போவதில்லை, அதுவரைக்கும் இந்த பெஞ்சில் சிவனே என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சிவனே என்று உட்கார முடிந்தால் அப்புறம் என்ன கவலை? அவளுடைய வலது கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்தவன் இரண்டு தடவை அதைப் பார்த்துவிட்டான், நிறுத்தினாள், நிறுத்தினதை மறந்ததும் அது மறுபடியும் ஆட ஆரம்பித்தது. உள்ளே ஐந்து பேர் கொண்ட கமிட்டி. இரண்டு வருஷம் கடலைப் படித்து முடித்தவர்களுக்கு ஃபெலோஷிப்பை உயர்த்தி ஆராய்ச்சியை முடிக்க விடுவதா, இல்லை இத்தோடு போதும் போய்வா என்று அனுப்புவதா என்று அங்கேதான் முடிவாகும். போய்வா என்றால் எங்கே போவது? நாமக்கல்லுக்கு. அங்கே கடலும் கிடையாது, கடலைப் பற்றிப் பேச ஆளும் கிடையாது, பெரியப்பா கையில் மாப்பிள்ளை ஜாதகம் மட்டும் தயாராக இருக்கிறது. பக்கத்தில் இருந்தவன் ஆமை ஆராய்ச்சி. கொடுத்துவைத்தவன். ஆமை என்றால் கமிட்டிக்காரர்களுக்கே மனசு இளகிவிடும், ஆமைக்கு ஒரு முகம் இருக்கிறது, முட்டையிடும்போது கண்ணீர் வேறு விடுகிறது, போஸ்டரில் போடலாம். கனகமணி படிப்பது கடல் பட்டாம்பூச்சி. பெயரைக் கேட்டு யாரும் ஏமாந்துவிடக் கூடாது, அது வெறும் நத்தை, கடுகளவு நத்தை, தரையில் ஊராமல் தண்ணீரில் சிறகு மாதிரி இரண்டை அடித்து நீந்தும், மேலே கண்ணாடி போல ஒரு ஓடு. அதற்கு முகமும் இல்லை, அதற்காக அழ ஆளும் இல்லை. அதனால்தான் அவள் கொண்டுவந்திருந்த வரைபடம் அவளுக்கு அத்தனை முக்கியமாக இருந்தது.

வரைபடத்தை அவள் கண்ணை மூடினாலும் பார்க்கலாம். முதல் வருஷம் பன்னிரண்டு மாதமும் கோடு அலுங்காமல் குலுங்காமல் நேராகப் போகும். இரண்டாம் வருஷம் ஆகஸ்டில் சறுக்கும், அப்புறம் ஏறவே ஏறாது. நத்தை ஓட்டின் தடிமன் அது. முதல் வருஷம் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஊசி மாதிரி மின்னின ஓடுகள், இரண்டாம் வருஷம் பால் ஊற்றினது போல மங்கி, விளிம்பில் அரித்து, இடுக்கியால் தொட்டால் உதிர்ந்தன. கடல் தண்ணீரில் புளிப்பு ஏறினால் ஓடு கரையும், இது உலகம் பூராவும் பேசுகிற விஷயம், ஆனால் நம் கரையில் இத்தனை சின்ன உயிரில் இத்தனை தெளிவாக யாரும் காட்டியதில்லை. ஹெப்சிபா மேடம் அந்தக் கோட்டை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மேடம்தான் அவளுடைய நெறியாளர், ரிட்டயராக இரண்டு வருஷம் இருக்கிறது, எந்த மாணவியையும் நேராகப் பாராட்டின சரித்திரம் கிடையாது. அன்றைக்கு, "ஏ பிள்ள, நீ என்னத்தக் கண்டுபிடிச்சிருக்கன்னு உனக்கே தெரியாதுடி" என்றார். 'டி' போட்டார்! கனகமணி விடுதிக்குப் போய் அந்த 'டி'யை நினைத்து நினைத்துச் சிரித்தாள். ஒரே ஒரு இடைஞ்சல் அந்த மீட்டர். மாதாமாதம் படகில் போய்க் கடல் தண்ணீரின் புளிப்பை அளக்கிற மீட்டர், முதல் வருஷமும் எட்டு புள்ளி ஒன்று என்றது, இரண்டாம் வருஷமும் அதையேதான் சொன்னது. ஓடு கரைகிறது, மீட்டர் கரையவில்லை என்கிறது. இரண்டு பேரும் யோசித்து யோசித்து, மீட்டர்தான் பழசு, நுட்பமான மாற்றத்தைப் பிடிக்க வக்கில்லாதது என்று முடிவுகட்டினார்கள். பாவம் மீட்டர். ஒரு பேப்பர்காரர் வந்து பேசிவிட்டுப் போய் 'கடல் கரைக்கும் ஓடுகள்' என்று அரைப்பக்கம் எழுதினார். அதை அம்மா பண்ணைக் கணக்குப்பிள்ளையைவிட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிறவள், கடலை இதுவரை பார்த்ததில்லை, ஆனாலும் என் மகதான் கடல் கெட்டுப்போறதைக் கண்டுபிடிச்சா என்று ஷெட்டு ஷெட்டாகச் சொல்லிவிட்டாள்.

நினைத்ததும் போன் நடுங்கியது. அம்மாதான். காரிடாரில் பேசலாமா கூடாதா என்று பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு, கூப்புட்டுட்டாங்களா?"

"இல்லம்மா. இன்னும் மூணு பேரு இருக்காங்க. நீ வேலையப் பாரு."

"வேலை எங்க பாக்குறது, இங்க ஒரே ரகளை. கைல எடுத்தா முட்டை பப்படமாட்டம் நொறுங்குது. காலைல இருந்து பாதித் தட்டு வீணாப் போச்சு. ஓனரு வந்து கோழியத் திட்டிட்டு இருக்கறாரு, கேளு கூத்த. கோழி என்னத்தப் பண்ணும்?"

"நோய் கீய் வந்திருக்குமா இருக்கும்மா."

"நோயாவது மண்ணாவது. புது மூட்டை பிரிச்ச அன்னைக்கு இருந்து இப்படித்தான். அதுல கிளிஞ்சத் தூளு போடல, நான் கைல அள்ளிப் பாத்தேன், நெறுநெறுன்னே இல்ல. சொன்னா எங்க கேக்கறாங்க. சரி விடு, நீ தெகிரியமாப் பேசிட்டு வா சாமி. தண்ணி குடி."

போனை வைத்தாள். தண்ணீர் குடித்தாள். ஆமைக்காரன் உதட்டை அசைத்துத் தன் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது ஆளைக் கூப்பிட்டார்கள். பாவம் அம்மா, யார் சொன்னால் கேட்பார்கள், தீவனத்தில் கோளாறு என்று ஒத்துக்கொண்டால் வாங்கினவன் தலை உருளும், அதற்குக் கோழியைத் திட்டுவது சுலபம். புது மூட்டை பிரித்த அன்றைக்கு இருந்து. பிரித்த அன்றைக்கு இருந்து. அந்த வார்த்தை ஏன் இப்படித் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது? அவள் எதையும் பிரிக்கவில்லை. மூட்டையும் இல்லை, தீவனமும் இல்லை, அவளிடம் இருந்தது வலை, பாட்டில், ஃபார்மலின் கேன். கேன். ஆகஸ்ட். ஆகஸ்டில் கேனைக் கழுவினோம் இல்லையா. கழுவினோம், அதற்கென்ன, சுத்தமாகத்தானே கழுவினோம். களநிலையத்துப் பின்கட்டில் ஒரு இருபது லிட்டர் வெள்ளை கேன் இருந்தது, வலையில் பிடித்ததை எல்லாம் அதிலிருந்து ஊற்றித்தான் பதப்படுத்துவார்கள், தீரத் தீர மேலே புது ஃபார்மலினை ஊற்றிவிடுவார்கள், யார் வைத்தது எப்போது வைத்தது ஒருத்தருக்கும் தெரியாது, அடியில் மூன்று விரற்கடைக்கு வெள்ளையாக ஒரு வண்டல். பார்க்கவே அருவருப்பாக இருக்கும். ஃபார்மலின் கெட்டுப்போனால் வெள்ளையாகப் படியும் என்று அவள் புத்தகத்தில் படித்திருந்தாள். படித்திருந்தாள்! படித்ததுதான் வினை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய, நீளப் பிரஷ் போட்டுத் தேய்த்து, நாலு தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, புது ஃபார்மலின் நிரப்பி, மேலே அழகாக லேபிள் எழுதி ஒட்டினாள். படகுக்காரர் சூசை அண்ணன்கூட, "இப்பத்தான்மா இது கேன் மாதிரி இருக்கு" என்றார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்த வெள்ளை, கெட்டுப்போன ஃபார்மலின் இல்லை என்றால்? அது போராக்ஸ் என்றால்? நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் என்று கேட்டால் தருவார்களே, அது என்றால்?

ஐயோ. ஃபார்மலின் இருக்க இருக்கப் புளிக்கும். புளித்தால் அதில் கிடக்கிற ஓட்டைக் கரைக்கும். அதற்குத்தான் போராக்ஸ், புளிப்பை முறிக்க. யாரோ ஒரு புண்ணியவான் பத்து வருஷத்துக்கு முன்னால் அள்ளிப் போட்டுவைத்தது அடியில் கிடந்து கிடந்து, மேலே ஊற்றுகிறவர்களை எல்லாம் அவர்களுக்கே தெரியாமல் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபார்மலினில் போராக்ஸ் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் எழுதியிருக்கிறாளே, மாதாமாதம் எழுதியிருக்கிறாளே, 'போராக்ஸால் நடுநிலைப்படுத்திய ஐந்து சதவீத ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டது' என்று. எழுதினாள். முன்னால் படித்த அக்காவின் தீசிஸில் இருந்து எடுத்த வரி அது. அந்த அக்கா அவளுக்கு முன்னால் படித்தவரிடம் இருந்து எடுத்திருப்பாள். எல்லோரும் எடுக்கிற வரி, சாமி கும்பிடும்போது வாயில் வருகிற மந்திரம் மாதிரி, அர்த்தம் யார் பார்த்தார்கள். மேடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நடந்து போகிற போக்கில் கேட்டார், போராக்ஸ் போட்டிருக்குல்லா என்று. ஆமா மேடம் என்றாள். பொய் சொல்லவில்லை. நோட்டில் அப்படித்தான் இருந்தது. இல்லை, இல்லை, இது வெறும் பயம், பரீட்சைக்கு முன்னால் எல்லோருக்கும் வருகிற பயம், பூட்டின கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் தோன்றுமே அது. பைக்குள் நாலு சின்ன பாட்டில் இருக்கிறது, கமிட்டிக்குக் காட்டக் கொண்டுவந்தது, இரண்டு முதல் வருஷம், இரண்டு இரண்டாம் வருஷம். பென்சில் பையில் புளிப்பு பார்க்கிற காகிதப் புத்தகம் எப்போதும் கிடக்கும். பார்த்துவிட்டால் போகிறது. பார்க்காமலே இருந்துவிட்டாலும் போகிறது. எழுந்தாள்.

பாத்ரூமில் பினாயில் வாடை. கடைசிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கழிப்பறையில் நின்றுகொண்டு ஆராய்ச்சி செய்கிற நிலைமைக்கு வந்தாயிற்று. பாட்டில் மூடி இறுகிக் கிடந்தது, முந்தானையைச் சுற்றித் திருகினாள். திறந்ததும் அந்த வாடை, கண்ணைக் கரிக்கிற, இரண்டு வருஷமாக அவள் தலையணையில்கூட இருக்கிற வாடை. முதல் வருஷத்து பாட்டிலில் காகிதத்தின் நுனியைத் தொட்டாள். பச்சை, கொஞ்சம் நீலம் கலந்த பச்சை. இருக்க வேண்டிய நிறம். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, அது எதற்கு வந்தது, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே. இரண்டாம் வருஷம், டிசம்பர் மாதம் என்று அவளே எழுதின லேபிள். தொட்டாள். பச்சையாக இரு, பச்சையாக இரு, அம்மா தாயே. காகிதம் மஞ்சளானது, புளிப்பின் நிறம். மஞ்சளோடும் நிற்கவில்லை, ஓரத்தில் ஆரஞ்சு ஏறியது. இன்னொரு காகிதம் கிழித்தாள், மஞ்சள். இன்னொரு பாட்டில், மஞ்சள். வெளியே யாரோ குழாயைத் திறந்து முகம் கழுவினார்கள், செருப்பு சத்தம் வந்தது, போனது. அவள் மஞ்சளான மூன்று காகிதத்தையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடல் ஒன்றும் செய்யவில்லை. கடல் பாட்டுக்கு இருந்தது. நத்தைகள் நல்ல ஓட்டோடுதான் வலையில் விழுந்தன. கரைத்தது அவள். பத்து மாதம், ஒவ்வொரு மாதமும் படகில் போய், வாந்தி எடுத்து, பிடித்து, பத்திரமாகக் கொண்டுவந்து, லேபிள் ஒட்டி, அலமாரியில் வைத்துக் கரைத்தாள். மீட்டர் சரியாகச் சொன்னது. அந்த மீட்டரை இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னென்ன ஏசினார்கள்! சிரிப்பு வந்தது அவளுக்கு, வந்த சிரிப்பு வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி பெஞ்சுக்கு வந்தபோது ஐந்தாவது ஆள் உள்ளே போயிருந்தான். யாருக்குத் தெரியும்? இந்த நிமிஷத்தில் உலகத்தில் இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த எண்ணம் வந்ததும் அதன் பின்னாலேயே இன்னொன்று நைசாக வந்து உட்கார்ந்தது, அப்படியானால் தெரியாமலே இருக்கட்டுமே. பாட்டிலைக் காட்டாதே. வரைபடத்தைக் காட்டு, பேசு, வா. எஸ்.ஆர்.எஃப். என்கிற அந்த உயர்த்தின ஃபெலோஷிப் கிடைக்கும், இன்னும் மூன்று வருஷம் கிடைக்கும், அந்த மூன்று வருஷத்தில் ஒழுங்காகப் போராக்ஸ் போட்டுப் புதிதாகப் பிடித்து, சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். ஆராய்ச்சியில் எத்தனையோ பேர் எத்தனையோ செய்கிறார்கள். அவள் திருடவில்லை, கழுவினாள். கழுவினதற்குத் தண்டனை உண்டா? சரி, புதிதாகப் பிடித்தால் கோடு மேலே ஏறுமே, நேராகப் பழைய இடத்துக்கே போகுமே, அப்போது என்ன சொல்வது, கடல் குணமாகிவிட்டது என்றா? அதற்கும் ஒரு பேப்பர் எழுதலாம், நல்லா இருக்கு போ. இதே கோட்டை வைத்துத்தான் மேடம் பெரிய திட்டத்துக்கு எழுதியிருக்கிறார், புதுக் கருவி, புதுப் படகு, சூசை அண்ணனுக்கு வருஷம் முழுக்க வேலை. கெட்ட கடலுக்குத்தான் பணம் வரும், நல்ல கடலைப் பார்த்துக்கொண்டிருக்க யார் தருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கு ஒன்றுமில்லை, படுக்க ஒரு கட்டில் கொடு என்று கேட்க முடியுமா. சொன்னால் என்ன ஆகும் என்று வரிசையாகப் பார்த்தாள். அவளை அனுப்புவார்கள். மேடத்தின் திட்டம் போகும். ரிட்டயராகப் போகிற நேரத்தில், முப்பது வருஷம் பேரெடுத்த மனுஷி, கேனைக்கூடப் பார்க்காதவர் என்று ஊரெல்லாம் சிரிக்கும். அம்மா ஷெட்டு ஷெட்டாகப் போய் என்ன சொல்வாள்? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருந்தது. ஒன்றுமே ஆகாது. அந்தப் போராக்ஸ் வரியை அடுத்து வருகிற பெண் அவள் தீசிஸில் இருந்து எடுத்து எழுதிக்கொள்வாள். அந்தக் கோட்டை நம்பி எங்கேயோ யாரோ இன்னொரு நத்தையைத் தேடிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். பதினெட்டு வயசில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அவள் வாய் விட்டு, "இத்தனையுமா!" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். இத்தனையையும் பற்றி ஒரே ஒரு சின்ன விஷயம், கடுகளவு, ஆனால் நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்கு ஒரு ஆசை வந்தது. யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சினிமா வசனம் மாதிரி இருக்கும்.

"என்ன பிள்ள, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு? சாப்பிட்டியா இல்லையா?"

ஹெப்சிபா மேடம். கமிட்டி அறைக்குள் மாணவியின் நெறியாளரும் உட்காரலாம் என்பதால் வந்திருக்கிறார், கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் இரண்டு கப் டீ. ஒன்றை அவளிடம் நீட்டினார். மேடம் டீ வாங்கிக் கொடுத்தார் என்றால் விடுதியில் யாரும் நம்ப மாட்டார்கள்.

"சாப்பிட்டேன் மேடம்."

"பயப்படாத, என்ன? சேர்மன் கெட்டிக்காரர், ஆனா நல்லவர். உன் கிராஃப்ப ஏற்கெனவே பாத்துட்டாரு. நேத்து போன்ல எங்கிட்ட கேக்காரு, எங்க பிடிச்சீங்கம்மா இந்தப் பிள்ளையன்னு. நாமக்கல்லுல கோழிப்பண்ணைல இருந்து வந்தவ சார்னு சொன்னேன்." மேடம் சிரித்தார். மேடத்துக்கு முன்பல் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், சிரித்தால்தான் தெரியும், இரண்டு வருஷத்தில் கனகமணி அதைப் பார்த்தது நாலைந்து தடவைதான். "மண்டபத்துல ஒரு கூட்டம் வெச்சு, இதக் கண்டுபிடிச்சது எம் பிள்ளையாக்கும்னு சொல்லிட்டு ரிட்டயராகணும்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். சொதப்பிராத."

இப்போது சொல். இப்போதே சொல். மேடம், கேனைக் கழுவிட்டேன். மூன்றே வார்த்தைதான். டீ கப்பின் சூடு விரலில் ஏறியது. சொன்னால் மேடம் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும், மேடம் கத்த மாட்டார், கெட்டவரும் இல்லை, ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார், அப்புறம் தாழ்ந்த குரலில், சரி, இன்னைக்கு இது வேண்டாம், இன்னைக்குப் பேசிட்டு வா, ஊருக்குப் போய் நாம ரெண்டு பேரும் உக்காந்து யோசிப்போம் என்பார். அந்தக் குரலை எதிர்த்து அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசினது கிடையாது. ஊருக்குப் போன பிறகு யோசிக்க நேரம் இருக்காது, பெரிய திட்டத்துக்குக் கையெழுத்து ஆகியிருக்கும், அப்புறம் யோசிக்கவே வேண்டாம் என்று ஆகிவிடும். நல்லவர்களோடு சேர்ந்துதான் இதையெல்லாம் செய்ய முடியும் போலிருக்கிறது, கெட்டவர்கள் சொன்னால் யார் கேட்பார்கள்? வாயைத் திறந்தாள்.

"டீ நல்லா இருக்கு மேடம்," என்றாள்.

சே. மேடம் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். கனகமணி டீயைக் குடிக்காமல் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். என்ன ஜென்மம் நான், என்ன ஜென்மம். ஆறாவதாக ஆமைக்காரனைக் கூப்பிட்டார்கள், அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆல் த பெஸ்ட் சொல்லுங்க" என்றான், சொன்னாள். அவனுக்கு என்ன, ஆமையை யார் பாட்டிலில் போடப் போகிறார்கள். ஒரு முடிவுக்கு வந்தாள்: கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் விட்டுவிடுவது. எதில் பதப்படுத்தினாய் என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடலாம், கேட்காவிட்டால் அது கடவுள் விட்ட வழி. இந்த முடிவு வந்ததும் உடம்பு லேசானது, பசிகூட எடுத்தது. உடனே சந்தேகமும் வந்தது, இத்தனை லேசாக இருக்கிற முடிவு சரியானதாக இருக்குமா? யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதானே கடவுளை இழுக்கிறாய், கள்ளி. பதப்படுத்தின வரியை யாரும் படிப்பதில்லை. அவளே படித்ததில்லையே. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், வியர்வையில் காகிதத்தின் மஞ்சள் கொஞ்சம் தோலில் ஒட்டியிருந்தது, தேய்த்தாள், போகவில்லை, சேலையில் தேய்த்தாள். கதவு திறந்து ஆமைக்காரன் சிரித்த முகத்தோடு வந்தான். பியூன் எட்டிப் பார்த்து, "கனகமணி யாரும்மா?" என்றார்.

உள்ளே ஏசி, பிஸ்கட் தட்டு, ஐந்து முகம். மேடம் சுவரோரம் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்தார். திரையில் தலைப்பு வந்தது, கடல் வந்தது, வலை வந்தது, வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது, இரண்டு வாரம் மனப்பாடம் செய்தது வீணாகவில்லை, அவள் எங்கேயோ பின்னால் நின்று அந்த வாயைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதப்படுத்தின வரி வந்தது. போராக்ஸால் நடுநிலைப்படுத்திய என்று வாய் சொன்னது. சொல்லியேவிட்டது. யாரும் நிமிரவில்லை, ஒருவர் பிஸ்கட் எடுத்தார். வரைபடம் வந்ததும் ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். சேர்மன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார், நரைத்த மீசை, ரொம்பப் பிரியமான குரல்.

"அழகான வேலைம்மா. இத்தனை சுத்தமா ஒரு சரிவ நான் பாத்ததில்ல. இந்த ஆகஸ்ட்ல அப்படி என்னம்மா ஆச்சு கடல்ல?"

தெற்கிலிருந்து வருகிற நீரோட்டம் என்று பதில் தயாராக இருந்தது. மேடமும் அவளும் உட்கார்ந்து செதுக்கின பதில், மூன்று வாக்கியம், இரண்டு மேற்கோள். கனகமணி திரையைப் பார்த்தாள். இவர் பதப்படுத்தினதைக் கேட்கவில்லை, கடலைத்தான் கேட்கிறார். தன்னோடு தானே போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி அவள் சொல்ல வேண்டியதில்லை.

"கடல்ல ஒண்ணும் ஆகல சார்," என்றாள். குரல் எங்கேயோ கேட்டது. "ஆகஸ்ட்ல நான் ஃபார்மலின் கேனைக் கழுவிட்டேன். அடில இருந்தது போராக்ஸ்னு தெரியாம தேச்சுக் கழுவிட்டேன் சார். அதுக்கப்புறம் போடவே இல்ல. ஓடு கடல்ல கரையல, என் பாட்டில்ல கரைஞ்சிருக்கு. இப்பதான், இங்க வந்துதான் பாத்தேன். நோட்டுல எழுதினது தப்பு. இப்ப வாயால சொன்னதும் தப்பு."

பிஸ்கட் எடுத்தவர் அதைத் தட்டிலேயே வைத்தார். சேர்மன் கண்ணாடியை மெல்ல இறக்கிப் போட்டுக்கொண்டு, கோபமில்லாமல், "அப்ப இந்த வேலைல மிச்சம் என்னம்மா இருக்கு?" என்றார்.

"முதல் வருஷம் இருக்கு சார். மீட்டர் ரீடிங் ரெண்டு வருஷமும் இருக்கு. அந்த இடத்துல கடல் இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லலாம்."

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். சேர்மன் தன் முன்னால் இருந்த தாளில் எழுத ஆரம்பித்தார், நீளமாக எழுதினார், நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கனகமணிக்கு அவரைப் பார்க்க முடிந்தது, மற்ற நாலு பேரையும் பார்க்க முடிந்தது, சுவரோரம் மட்டும் கழுத்து திரும்ப மறுத்தது. முடிந்தது, போகலாம் என்று யாரோ சொன்னார்கள். பாட்டில் பையை எடுக்க அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது. மேடம் எழுந்திருக்கவில்லை. தாள் மடியில் கிடந்தது. முகத்தில் கோபத்தைத் தேடினாள், இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பேருந்தைத் தவறவிட்டவர் முகம் மாதிரி இருந்தது அது. கமிட்டிக்குக் கேட்காத குரலில் மேடம் கேட்டார்.

"வெளிய டீ கொடுத்தேன்லா. அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா பிள்ள? நான் என்ன உன்னக் கடிச்சாத் தின்னுருப்பேன்?"

கனகமணிக்கு அதுவரை வராத அழுகை வந்தது.

"சொல்லியிருந்தா, இன்னைக்கு வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க மேடம்," என்றாள். "நானும் சரின்னு கேட்டிருப்பேன்."